தீ மிதித்த வாரத்தில் தவறிய டோக்கன்

அம்சவல்லி அத்தை தீ மிதிக்கப் பயந்து நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவார். கேமரன் மலையின் ரிங்லெட் அணைக்கட்டில் சோதனைக்காகச் சங்கு ஊதினாலும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். எங்கள் லயம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அணைக்கு மேலே, தேயிலைச் சரிவில் வெகு உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே ஏறி வராது என்று சொன்னால், "தெரியும்லா. கீழ இருக்கறவங்க?" என்பார். மழை விடாமல் பெய்தால் பின்பக்கத்து மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். எஸ்டேட் ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எதற்கென்று தெரியும் முன்பே தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார்.

அத்தை என்பது முறைக்குத்தான், உறவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அவருக்கு நாற்பத்தாறு வயது. எஸ்டேட் பெக்டரியில் தேயிலைத் தூளைச் சலித்துப் பிரிக்கும் இடத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறார். எங்கள் லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் ஆங்கிலத்தில் வரும் எதுவும் என் வீட்டுக்கு வந்துவிடும். மருந்துச் சீட்டு, பள்ளிக் கடிதம், இன்சூரன்ஸ்காரன் அனுப்பிய மெசேஜ் எல்லாம் வரும். வேலைக்கு மனுப்போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் எனக்கு அது ஒரு வேலையாகவும் ஆகிவிட்டது. அப்படித்தான் வெல்மாவும் என்னிடம் வந்தது.

வெல்மா என்பது ஒரு கிரிப்டோ டோக்கன். அத்தை அதில் சேர்ந்த இடம் ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தா. அவர் கணவர் திருச்செல்வம் மாமா கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வளைவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நல்ல வேளை, லோரி தேயிலைச் செடியில் போய் முட்டி நின்றது. அவரை உள்ளே கொண்டுபோயிருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரருடைய மனைவி, திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருப்பவர், தன் ஹேன்போனைக் காட்டியிருக்கிறார். தினம் ஒரு தடவை பட்டனை அமுக்க வேண்டும், ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிப் பல பேர் அமுக்கினால்தான் வெல்மாக்காரர்களின் நெட்வொர்க் தாங்குமா என்று சோதிக்க முடியும். சோதனை முடிந்ததும் அமுக்கியவர்களுக்கு இலவசமாக டோக்கன் கொடுப்பார்கள்.

அந்த வராந்தாவில் அத்தை இரண்டு காரியம் செய்தார். ஒன்று, முதல் தடவையாகப் பட்டனை அமுக்கினார். இன்னொன்று, மாமா எழுந்து வந்தால் மூன்று வருடம் தீ மிதிப்பதாக எங்கள் எஸ்டேட் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

மாமா எழுந்து வந்தார், ஆனால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை அவர் பெயரில் இருந்தது. அத்தை நிரந்தரத் தொழிலாளி இல்லை. வருஷக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ரிங்லெட் பக்கம் மலிவு வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினால் போய்விடலாம். அந்த முன்பணத்துக்கு அத்தையிடம் இருந்த ஒரே வழி வெல்மா. எனக்கு ஆரம்பத்திலிருந்தே அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழி ஒன்றையும் என்னால் காட்ட முடியாதபோது, இதை நம்பாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றும்.

இந்த வருடத் தீமிதி அந்த மூன்றில் இரண்டாவது. எங்கள் கோயிலில் இப்போது ஒரு புதுக் கட்டுப்பாடு இருக்கிறது. முன்பு ஒரு திருவிழாவில் ஒரு பெண் அருள் வந்து ஆடியதை யாரோ வீடியோ எடுத்து, கிண்டல் பாட்டுச் சேர்த்து டிக்டோக்கில் போட்டுவிட்டான். அந்தப் பெண் வெகுநாள் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு காப்புக் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஹேன்போனைக் கோயில் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். காப்பு அவிழ்த்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அது மட்டுமில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது, மிதித்ததைப் படமாக யாருக்கும் காட்டமாட்டேன் என்று அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அத்தையும் சொன்னார். பெக்டரியில் அவருடன் வேலை செய்யும், அவருடன் மிதித்த தங்கம்மாவும் சொன்னார்.

வெல்மா தன் இலவச டோக்கனைக் கொடுத்தது சரியாக அந்த வாரத்தில்தான். டோக்கனைக் கேட்டு வாங்கும் கதவு காப்புக் கட்டிய மறுநாள் திறந்து, காப்பு அவிழ்ப்பதற்கு முதல் நாள் மூடிவிட்டது.

ஹேன்போன் கைக்கு வந்ததும் அத்தை நிறுவைக் கொட்டகைக்கு ஏறிப் போனார். எங்கள் பக்கம் கொழுந்து நிறுக்கும் அந்த மேட்டில்தான் இன்டர்நெட் லைன் ஒழுங்காகக் கிடைக்கும். நானும் கூடப் போனேன். மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக வந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். 'பெறும் காலம் முடிந்தது' என்று படித்தேன்.

"முடிஞ்சதுன்னா?"

"கேட்டு வாங்கிக்க ஒரு வாரம் கொடுத்தாங்க அத்தே. கேக்கலன்னா போச்சு."

அத்தை அழவில்லை. தீ மிதித்த பாதம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஆத்தாவுக்குப் போன நேரத்துல இப்படியா?" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் சொல்லல" என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தவறவிட்டவர்கள் அத்தையும் தங்கம்மாவும் மட்டும் இல்லை. மலேசியத் தமிழர்களுக்கென்று வெல்மாவுக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. கிள்ளானில் இருக்கும் கோகிலன் அதைப் பார்த்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தவர், கடலில் வேலை செய்கிறவர் என்று பலர் அங்கே முறையிட்டார்கள். யாரும் வாங்காத டோக்கன்களை என்ன செய்வது என்று ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தானே முடிவு செய்யலாமாம். மறுபடி திறந்து தவறவிட்டவர்களுக்குக் கொடுக்கலாம், அல்லது நேரத்தோடு வாங்கியவர்களுக்கே பிரித்துவிடலாம். திறக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பங்கு கூடும். ஆகவே சண்டை சூடாக நடந்தது. படித்துப் படித்து அத்தைக்குச் சொன்னேன். திறக்க வேண்டும் என்பவர்கள் சொன்னதும் நியாயமாக இருந்தது, கூடாது என்பவர்கள் சொன்னதும் நியாயமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு பக்கத்தையும் பார்க்கத்தான். எந்தப் பக்கம் நிற்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் வோட்டுப் போட்டார்கள். தக்க காரணம் இருந்து, அதற்கு ஆதாரமும் காட்டுகிறவர்களுக்கு மட்டும் மறுபடி திறக்கலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குரல்வழிக் கூட்டத்தில் கூடி ஒவ்வொருவரையும் விசாரிப்பார்கள்.

"ஆதாரம்னா நமக்கு என்னா இருக்கு?" என்று அத்தை கேட்டார். அன்று வேலை விட்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். தலைத்துணியில் இன்னும் தேயிலைத் தூள் இருந்தது. தங்கம்மா பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இருக்குக்கா. எம்மவ ரூபினி எடுத்து வெச்சிருக்கா. தண்ணி டேங்க் மேல ஏறி நின்னு."

"எத எடுத்தா?"

"நாம எறங்குறத. நீங்க முன்னால, நான் பின்னால. தீ நல்லாச் செகப்பா, தேதி நேரத்தோட, கிளியரா இருக்கு."

அத்தை எழுந்துவிட்டார். "அழிச்சிரு தங்கம்மா."

"அழிக்கறதா? அதான்க்கா டிக்கெட்டே."

"மஞ்சத் தண்ணி ஊத்துறப்ப என்னா சொன்னோம்? காட்டமாட்டோம்னு சொன்னோம்லா."

"நான் வேண்டிக்கிட்டது ரூபினி எஸ்பிஎம் பரீட்ச பாஸாவணும்னு. பாஸாயிட்டா. ஆத்தாளுக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சிருச்சு."

"எனக்கு முடியலயே. இன்னும் ஒரு வருஷம் பாக்கி நிக்கிது. உள்ள இருக்கற மனுஷன் நெஞ்சுல டாக்டர் வெச்ச ரெண்டு கம்பி இருக்கு. அத நான் காட்டி, நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா?"

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஏய், ஆத்தா என்னா டெலிகிராம்லயா உக்காந்திருக்கா? அனுப்புங்கலா."

"நீங்க சும்மா இருங்க," என்று அத்தை பயந்து கத்தினார். "உங்க வாயாலயே வெனய இழுக்காதீங்க."

தங்கம்மாவுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அவரும் தினம் பட்டன் அமுக்கியவர்தான். பிறகு தங்கம்மாவே ஒரு வழி சொன்னார்: "வீடியோல உங்கள வெட்டிடச் சொல்றேன்க்கா. நான் மட்டும் தெரியற மாதிரி. எம்பாவம் எனக்கு." அத்தை அதற்குத் தலையாட்டினார். பின்பு என் பக்கம் திரும்பி, "அப்ப எனக்கு?" என்றார். காரணத்தை மட்டும் எழுதி, ஆதாரம் இல்லாமல், அவர் பெயரில் ஒரு மனுப் போட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிறுவைக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் தராசுப் பலகையின்மேல் உட்கார்ந்தோம். பனி இறங்கி எதிர்மலை தெரியாமல் போயிருந்தது. தங்கம்மாவின் ஹேன்போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களின் விசாரணை முதலில் முடிந்தது. பிறகு கோகிலன் கூப்பிட்டார்: "கேமரன்லேர்ந்து தங்கம்மா அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

அவர் காரணத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே ஒருவர் சிரித்தார். மகேன் என்று திரையில் பெயர் தெரிந்தது. "தீமிதியாம், ஹேன்போன வாங்கி வெச்சிக்கிட்டாங்களாம். நாளைக்கு ஒருத்தன் மொட்ட அடிச்சேன்னு வருவான், இன்னொருத்தன் காதுகுத்துன்னு வருவான். தொறந்துக்கிட்டே இருப்பீங்களா பாஸ்?"

"மொட்ட அடிக்கறதுக்கு ஒரு வாரமா ஆவுது? உன் தலை அவ்ளோ பெரிசா?" என்றார் தங்கம்மா. பல பேர் சிரித்தார்கள்.

வசுமதி என்ற பெண் சிரிக்கவில்லை. "நான் சுங்கை பட்டாணில பெக்டரி வேலை செய்றேன். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, கண்ணு எரிய உக்காந்து கிளெய்ம் பண்ணேன். என் தங்கச்சி கல்யாணம் அந்த வாரம்தான். நானும் சாமி கும்புடறவதான். நடுவுல ஒரு நிமிஷம் ஹேன்போன கொடுங்கன்னு கேட்டிருக்கலாம்லா?"

உண்மையில், ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் கோயிலில் காப்புக் கட்டிய பிறகு யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பதை சுங்கை பட்டாணிக்கு எப்படி விளக்குவது?

கோகிலன் பொறுமையாகப் பேசினார். "வசுமதி சொல்றதும் சரிதான். ஆனா வோட்டு முடிஞ்சிருச்சு, ஆதாரம் இருந்தா கொடுக்கணும். வீடியோ பாத்தேன். தேதி, நேரம் சரியா இருக்கு. தங்கம்மா அக்கா ஓகே." பிறகு கொஞ்சம் நிறுத்தினார். "வீடியோ ஓரத்துல ஒரு கை தெரியுது. காப்புக் கட்டி, வேப்பிலை புடிச்சிருக்கற கை. முன்னால போறவங்களோடது. அங்கேர்ந்து அம்சவல்லின்னு ஒருத்தங்களும் மனுப் போட்டிருக்காங்க. அது அவங்க கையா? ஆமான்னு சொன்னா போதும். ரெண்டு பேரோடதையும் முடிச்சிரலாம்."

தங்கம்மா என்னைப் பார்த்தார். ரூபினி ஒழுங்காக வெட்டவில்லை. அத்தை தன் வலது கையை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார், ஹேன்போனுக்குக் கண் இருப்பதுபோல.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"கூட இருக்காங்க," என்று தங்கம்மா சொல்லிவிட்டார். "சொல்லுங்கக்கா. வீடுக்கா, வீடு."

யாரோ, "நெக்ஸ்ட் போலாம்லா" என்றார்கள். அப்போதுதான் அத்தை ஹேன்போன் பக்கம் குனிந்தார்.

"கை என்னோடதுதான் தம்பி. ஆனா அத நான் காட்டல. அது தானா வந்திருச்சு."

மறுபடி சிரிப்பு. கோகிலனும் சிரித்தார் என்று நினைக்கிறேன். "சரி அத்தே, ஓகே. திங்கள்லேர்ந்து புதன் சாயங்காலம் வரைக்கும் தொறந்திருக்கும். தனியா மெசேஜ்ல வர்ற எந்த லிங்க்கையும் தொடாதீங்க, பழைய ஆப்லயே பட்டன் வரும்."

நான் சந்தோஷப்பட்டேன். அந்த மேட்டிலிருந்து இறங்கும் வரைக்கும்தான். பாதையில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ படிச்சவ. சொல்லு புவனேஸ். வாயால சொன்னது காட்டுனதாவுமா?"

ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை மாமாவுக்கு ஈப்போவில் செக்கப். அங்கே ஏதாவது கெட்ட செய்தி வந்தால், நான் சொன்ன 'ஆகாது' என்னவாகும்? நான் தீமிதியை நம்புகிறவள் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம்பாதவளுக்கு இதில் என்ன பயம்? "தெரியல அத்தே" என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததாலேயே அவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

திங்கட்கிழமை தங்கம்மா பட்டனை அமுக்கிவிட்டார். அத்தை அமுக்கவில்லை. அன்றே அவருக்கு 'உங்களுக்காக மட்டும்' என்று யார் யாரோ லிங்க் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் பாம்பைக் காட்டுவதுபோலத் தூரத்தில் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நான் அழித்தேன். செவ்வாயும் போனது. வேலையிடத்தில் அத்தை சல்லடையில் தவறாகத் தூளைக் கொட்டி, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினார் என்று தங்கம்மா சொன்னார். வீட்டில் மாமா இருமினால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். மாமா மறுபடி பேசினால்தான் பாத்திரம் மறுபடி கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு மூடுவது புதன். டாக்டர் சொல்வது வியாழன். ஆத்தாவுக்குக் கோபமா இல்லையா என்று தெரிந்துகொண்டு அமுக்க வழியில்லை.

புதன் மத்தியானம் அத்தை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். மாமாவையும் அழைத்துக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு மெதுவாக ஏறினார். நான் பின்னால் போனேன். மாமா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் அத்தை அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னா இது, பட்டன் அமுக்கறதுக்கு ஒரு ஊர்வலமா?" என்றார் மாமா. "மேளத்தையும் கூப்புட்டிருக்கலாம்ல."

அத்தை ஆப்பைத் திறந்தார். பச்சை நிறத்தில் பட்டன் இருந்தது. ஹேன்போனை மாமாவிடம் நீட்டினார்.

"நீங்க அமுக்குங்க. வேண்டுதல் என்னோடது. நீங்க ஆத்தாகிட்ட ஒண்ணும் சொல்லல. உங்க கை அமுக்குனா தப்பு இல்ல."

"இதுக்கா இவ்ளோ தூரம் இழுத்துக்கிட்டு வந்த?" மாமா சிரித்துக்கொண்டே கட்டைவிரலை நீட்டினார். விரல் பட்டனுக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் விரல் இறங்கவில்லை. பிறகு கையை மெல்ல இழுத்து, சட்டைப் பையின் மேல், நெஞ்சின் மேல், வைத்துக்கொண்டார்.

"என்னமோ போல இருக்கு அம்சா," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "நாளைக்குப் பாத்துக்கிட்டு..."

"நாளைக்கு இருக்காதுங்க."

இத்தனை வருடம் ஆத்தாவைக் கிண்டல் செய்த மனிதர், கோயில் இருக்கும் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு அதைப் பார்த்து இன்னும் பயம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்திருக்கும். ஆனால் அவர் ஹேன்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னா வந்தாலும் என் கைக்கு வரட்டும் தாயே," என்றார். "அவரத் தொடாத." அமுக்கினார்.

பட்டன் சாம்பல் நிறமானது. வேறு எதுவும் நடக்கவில்லை. கீழே லோரி ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும், ஏதோ வரும் என்பதுபோல, கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

மறுநாள் தாப்பா வழியாக ஈப்போ போனோம். டாக்டரிடம் மலாயில் பேச நான் கூடப் போனேன். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயம் இப்போதைக்குப் பரவாயில்லை, மருந்தை விடக்கூடாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். ரத்தத்தில் ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். மாமா வெளியே வந்ததும் ரொட்டி சானாய் கேட்டார். அத்தை என்னிடம், "ஏதாச்சும் இருந்தாத்தான் கூப்புடுவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு ஹேன்போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. சுவரைத் தட்டி என்னை எடுக்கச் சொல்வார். ஒருமுறை அடித்தது ரூபினி, உப்பு இருக்கிறதா என்று கேட்க.

போன் வரவில்லை. டோக்கன் ஹேன்போனில் இருக்கும் வாலட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நவம்பரில்தான் விற்க விடுவார்களாம். போன வாரம், வீட்டு மனுவுக்கு ரிங்லெட் போய் வரலாமா என்று கேட்டேன். நவம்பரில் விற்றால் முன்பணத்துக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கும் சொன்னேன். அத்தை மாமாவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"விக்கமாட்டேன்லா இப்ப. மூணாவது வருஷம் மிதிச்சு ஆத்தா கணக்க முடிச்சிட்டு விக்கறேன். அது வரைக்கும் அதத் தொடமாட்டேன்."

"தீமிதி அடுத்த மே மாசம் அத்தே. வருஷக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லிருக்காங்களே."

"தெரியும்," என்றார். "அதுக்கும் பயமாத்தான் இருக்கு."